யாரு துண்டு இது?

ஜன்னல் கம்பிகளுக்கு இடையே அப்பாவின் கை உள்ளே போய்ச் சட்டென்று வெளியே வந்தது. போகும்போது கையில் துண்டு இருந்தது. வரும்போது இல்லை.

வண்டி அப்போது இன்னும் நிற்கவில்லை. கும்பகோணம் பிளாட்பாரத்தில் பெட்டியும் மூட்டையுமாக ஒரு கூட்டமே வண்டியோடு ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவும் அந்தக் கூட்டத்தில் ஒருவராக ஓடி, ஒரு ஜன்னலைக் குறிவைத்து, வீசிவிட்டுத் திரும்பினார். முகமெல்லாம் பல்.

"விழுந்துடுச்சு பாப்பா! ஜன்னலோரம்!"

நான் தகரப் பெட்டியைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தேன். சென்னையில் நர்ஸ் படிப்புக்கு இன்டர்வியூ. அதற்கு முன்னால் மாயவரத்தைத் தாண்டி நான் எங்கும் போனதில்லை. கடிதம் வந்த நாளிலிருந்தே அப்பா ஒரே விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஒன்ன ஜன்னலோரமா உக்கார வச்சு அழைச்சிட்டுப் போறேன். கடலூர்ல கடல் தெரியும், பாத்துக்கிட்டே வா."

ரயிலில் இருந்து பார்த்தால் கடலூரில் கடல் தெரியாது. அது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அப்பாவுக்கும் அன்றைக்குத் தெரியாது.

போன வாரம் இந்தப் பத்தியில் நர்ஸ் விடுதிச் சாப்பாட்டைப் பற்றிப் புலம்பியிருந்தேன். அந்த விடுதிக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தீர்கள் என்று எழுதவே இல்லையே என ஒரு வாசகி கேட்டிருக்கிறார். இப்படித்தான் போனேனம்மா. ஒரு துண்டுக்குப் பின்னால் ஓடிக்கொண்டு.

துண்டுச் சட்டம்

இளைய வாசகர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். என் மகன் அடிக்கடி, "அந்த பிளாட்டுக்கு துண்டு போட்டு வச்சிருக்கேம்மா" என்பான். அவன் தோளில் துண்டைப் பார்த்தவர்கள் கிடையாது. குளித்துவிட்டுத் துவட்டுவதற்குக்கூட டவல் என்றுதான் கேட்பான். எங்கிருந்து வந்தது இந்தப் பேச்சு என்று கேட்டால் விழிப்பான்.

ரயிலிலிருந்துதான் வந்தது. பஸ்ஸிலிருந்தும்தான், ஆனால் நான் ரயில் கட்சி.

முன்பதிவு என்பதெல்லாம் அப்போது படித்தவர்கள் செய்கிற வேலை. எங்களுக்கு முன்பதிவு என்றால் துண்டு. வண்டி நுழையும்போதே ஜன்னல் வழியாக வீச வேண்டும். துண்டு எந்த இடத்தில் விழுகிறதோ அந்த இடம் துண்டுக்காரருக்கு. உள்ளே முதலில் ஏறியவன் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் அதன்மேல் உட்காரக் கூடாது. இதை யாரும் எந்தப் புத்தகத்திலும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் மதித்தார்கள்.

துண்டு இல்லாதவர்கள் குடை போடுவார்கள், பேப்பர் போடுவார்கள், மஞ்சள் பை போடுவார்கள். எங்கள் பெரியம்மா ஒருமுறை, வேறு எதுவும் கைக்கு அகப்படாமல், கைப்பிள்ளையாக இருந்த என்னையே கம்பியில்லாத ஜன்னல் வழியாக உள்ளே கொடுத்து இடம் பிடித்தாராம். "நீ அழுத அழுகையில பக்கத்து சீட்டும் காலியாயிடுச்சுடி" என்று கல்யாண வீடுகளில் எல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

தகராறு வராமல் இல்லை. ஒரே இடத்தில் இரண்டு துண்டு விழுந்துவிடும். அப்போது மேலே கிடப்பதைத் தூக்கிப் பார்ப்பார்கள். அடியில் கிடப்பதுதான் முந்தியது. அடித்துண்டுக்காரர் உட்காருவார், மேல்துண்டுக்காரர் முணுமுணுத்துக்கொண்டே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போவார். பஞ்சாயத்து அதோடு முடிந்தது.

அப்பா வீசுவதில் கெட்டிக்காரர். துண்டின் ஒரு முனையில் முடிச்சுப் போட்டுக்கொள்வார். முடிச்சுக் கனத்தில் அது காற்றில் சுருளாமல் போய்ப் பரக்க விழும்.

தோளும் இடுப்பும்

ஆனால் எங்கள் ஊருக்குள் அந்தத் துண்டுக்கு வேறு சட்டம்.

எங்கள் ஊர் திருவிடைமருதூர் பக்கம். எங்கள் ஆட்கள் பண்ணையில் நடவும் அறுப்பும் செய்தவர்கள். குடியிருந்த மனைக்கட்டும் பண்ணை வீட்டுக்குச் சொந்தம். சின்னதாக ஒரு மாதா கோயில் மட்டும் எங்கள் தெருவுக்குச் சொந்தம். அப்பா தெருவை விட்டு வெளியே வந்து மதகு தாண்டியதும் தோளில் கிடக்கும் துண்டைக் கையில் எடுத்துக்கொள்வார். பண்ணை வீடு கண்ணில் பட்டதும் அது இடுப்புக்குப் போய்விடும். சில சமயம் அக்குளுக்குள் போகும். திரும்பி வந்து மதகைத் தாண்டினால் மறுபடி தோளுக்கு ஏறும்.

விவசாயத் தொழிலாளர் சங்கம் வந்த ஊர்களில் எல்லாம் துண்டு முன்பே தோளுக்கு ஏறிவிட்டது. எங்கள் ஊருக்கு அது கடைமடைக்குத் தண்ணீர் வருகிற மாதிரி மெதுவாகத்தான் வந்தது.

சின்ன வயதில் எனக்கு இது விளையாட்டாகத்தான் தெரியும். துண்டு எங்கே இருக்கிறது என்று பார்த்தே அப்பா எவ்வளவு தூரத்தில் யாரைப் பார்த்துவிட்டார் என்று சொல்லிவிடுவேன். விவரம் தெரிந்த பிறகு அந்த விளையாட்டை விட்டுவிட்டேன்.

அப்பாவுக்கு ரயில் ஏன் அவ்வளவு பிடிக்கும் என்பதும் அப்போதுதான் புரிந்தது. ரயிலில் அவர் துண்டைப் பார்த்து நாலு பேர் ஒதுங்கி நிற்பார்கள். வேட்டி மடிப்புக் கலையாத மனிதர்கள்கூட, "இங்க யாரோ துண்டு போட்டிருக்காங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்து போவார்கள். அந்த யாரோ எங்கள் அப்பாதான்.

உட்கார்ந்தவர்

சரி, கும்பகோணத்துக்குத் திரும்பி வருகிறேன்.

துண்டு விழுந்த தெம்பில் நாங்கள் அவசரப்படவில்லை. கூட்டம் முண்டியடித்து ஏறட்டும் என்று விட்டுவிட்டுக் கடைசியாக ஏறினோம். தகரப் பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு அப்பா முன்னால் போனார். அந்த இருக்கை வந்ததும் அப்படியே நின்றார்.

ஜன்னலோரத்தில் பண்ணை வீட்டு ஐயா உட்கார்ந்திருந்தார்.

அவருக்கு சிதம்பரத்தில் கோர்ட்டு வேலை. எப்போதும் காரில்தான் போவார். அன்றைக்குக் கார் பழுதாம். வண்டியில் ஏறி, காலியாகத் தெரிந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டார். துண்டுச் சட்டம் அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அப்பாவின் ஈரிழைத் துண்டு அவருக்கு அடியில் இருந்தது. முடிச்சு போட்ட முனை மட்டும் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

அப்பா அவரைப் பார்த்துவிட்டார். அவர் இன்னும் அப்பாவைப் பார்க்கவில்லை. நடுவில் ஒரு கூடைக்கார அம்மாள் வந்து சேர்ந்தார். பாத்திரம் விற்கிறவர், வாய் கொஞ்சம் நீளம்.

"ஏங்க, துண்டு போட்டிருக்குல்ல, அது மேல போயி உக்காந்திருக்கீங்களே. யாரு துண்டு இது?"

ஐயா குனிந்து பார்த்தார். அவருக்கு வெட்கமாகக்கூட இருந்திருக்கும். எழுந்திருக்கிற மாதிரி ஒரு கையை ஊன்றினார். இதை நான் கண்ணால் பார்த்தேன்.

"யாருதுங்க துண்டு? வாயத் தொறந்து சொல்லுங்களேன்" என்றார் கூடைக்கார அம்மாள் பெட்டி முழுக்கக் கேட்கும்படி.

எல்லோரும் சுற்றும் முற்றும் பார்த்தார்கள். நான் வாயைத் திறந்தேன். அப்பாவின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. வலிக்கிற அளவுக்குப் பிடித்தார். பிடித்துக்கொண்டு அவரும் மற்றவர்களைப் போலவே சுற்றும் முற்றும் பார்த்தார்.

"போட்டவன் ஏறல போலருக்கு" என்று யாரோ சொன்னார்கள். ஐயா ஊன்றிய கையை எடுத்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார். வண்டி கிளம்பியது.

ஆடுதுறை தாண்டும்போதுதான் அவர் அப்பாவைப் பார்த்தார். "அட, சவரிமுத்து! நீயும் இந்த வண்டியிலதான் வர்றியா?"

"ஆமாங்கய்யா. பாப்பாவுக்கு நர்சு படிப்புக்குக் கூப்பிட்டிருக்காங்க."

ஊரில் அப்பா அவரை, பண்ணையாட்கள் எசமானைக் கூப்பிடுகிற மாதிரி, "ஆண்டே" என்றுதான் சொல்வார். ரயிலில் அன்றைக்கு "ஐயா" என்றார். அவ்வளவு மாற்றத்துக்குத்தான் அப்பாவால் துணிய முடிந்தது. வேறு யாரும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். நான் கவனித்தேன்.

கெட்ட மனிதர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. அதுதான் கஷ்டம். "பொண்ணப் படிக்க வைக்கிறியா? நல்லது, நல்லது" என்றார். மாயவரத்தில் வடை வாங்கி, எனக்கும் ஒன்று கொடுத்தார். அப்பாவின் துண்டின் மேல் உட்கார்ந்துகொண்டு கொடுத்தார். நின்றுகொண்டே தின்றேன். நல்ல வடைதான், பாழாய்ப்போன நாக்குக்கு அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

சிதம்பரத்தில் அவர் எழுந்தார். துண்டு கசங்கிப்போய் அதே இடத்தில் கிடந்தது. சட்டப்படி இடம் இன்னும் எங்களுடையதுதான். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா ஜன்னலைப் பார்த்தார். ஐயா இறங்கியவர் நகர்ந்து போகவில்லை. தெரிந்தவர் யாரோ வந்துவிட்டார் போல, அதே ஜன்னலுக்கு வெளியே நின்று பேசிக்கொண்டிருந்தார்.

அதற்குள் புதிதாக ஏறிய ஒருவர் வந்து துண்டைத் தூக்கிப் பிடித்தார். "யாரு துண்டு இது?"

அப்பா வாயைத் திறக்கவில்லை.

"யாருமில்லையா?" என்று கேட்டுவிட்டு அவர் துண்டை இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொண்டார். அதன் பிறகு சென்னை வரை நின்றுகொண்டேதான் போனோம். செங்கல்பட்டு வந்து நடைபாதையில் நெரிசல் கொஞ்சம் குறைந்ததும் அப்பா குனிந்து துண்டை எடுத்தார். முடிச்சை அவிழ்த்தார். கரித்தூளும் கடலைத் தொலியும் ஒட்டியிருந்ததை உதறிவிட்டு, தோளில் போடாமல், மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

இன்டர்வியூவில் எனக்கு இடம் கிடைத்தது. ரயிலில்தான் கிடைக்கவில்லை.

அம்மா சொன்ன சேவல்

ஊருக்குத் திரும்பியதும் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அம்மா அரிசி களைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் வேதத்தில் ஏசுவின் சீடர் இராயப்பர் கதை ஒன்று வரும். ஆண்டவரை எனக்குத் தெரியவே தெரியாது என்று மூன்று முறை சொல்வார், சேவல் கூவும், வெளியே போய் அழுவார். அப்பா உள்ளே வந்ததும் அம்மா ஆரம்பித்தார்.

"ராயப்பராச்சும் வாயத் தொறந்து தெரியாதுன்னாரு. நீங்க வாயே தொறக்கலியாமே? அவருக்குச் சேவல் கூவுச்சு. ஒங்களுக்கு ரயிலு கூவுச்சாக்கும்!"

அப்பா சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்பது தட்டைக் கழுவும்போதுதான் தெரிந்தது. அம்மா அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

மனைக்கட்டு ஐயாவுடையது. மறுநாள் நடவுக்குப் போக வேண்டியது அவர் வயலுக்கு. சான்றிதழில் கையெழுத்து வாங்கப் போனால் அங்கேயும் அவர் ஆள். அப்பா சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. சொல்லவில்லை, அவ்வளவுதான்.

வரிசையில் நின்ற காலம்

நான் சம்பாதிக்க ஆரம்பித்த பிறகு அப்பாவைத் துண்டு வீச விடவில்லை. முன்பதிவு செய்துதான் அழைத்துப் போவேன்.

அதுவும் லேசில்லை. விடியற்காலையிலேயே போய் ஸ்டேஷன் வாசலில் செருப்பையோ செங்கல்லையோ வரிசையில் வைக்க வேண்டும். அதுவும் ஒருவகைத் துண்டுதான். பெண்களுக்குத் தனி வரிசை இருந்ததால் எனக்கு மவுசு ஜாஸ்தி. "சிஸ்டர், எங்களுக்கும் சேத்து வாங்கிடுங்களேன்" என்று முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் படிவத்தை நீட்டுவார்கள். ஆஸ்பத்திரியில் சம்பாதித்ததைவிட அந்த வரிசையில் நான் சம்பாதித்த உறவுகள் அதிகம்.

திரும்பி வரும் டிக்கெட்டுக்குத் தந்தி அடிப்பார்கள். கிடைத்ததா இல்லையா என்பது அங்கே போனால்தான் தெரியும். தடித்த அட்டை டிக்கெட்டை இரும்பு யந்திரத்துக்குள் விட்டு 'டக்' என்று தேதி குத்துவார்கள். அந்தச் சத்தம் கேட்டால்தான் பயணம் நிச்சயம் என்று மனசு நம்பும்.

வண்டி கிளம்புவதற்கு முன்னால் பெட்டிக்கு வெளியே பெயர்களை அச்சடித்து ஒட்டுவார்கள். பசை காய்வதற்குள் கூட்டம் மொய்த்துக்கொள்ளும். முதல் தடவை அதில் தன் பெயரைப் பார்த்தபோது அப்பா விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். கையெழுத்துப் போடும் அளவுக்குத்தான் அவருக்குப் படிப்பு.

"மேல இருக்கிறது யாரு?"

"யாரோ ஒருத்தர்ப்பா."

"கீழ?"

"அதுவும் யாரோ."

"தெரு போடலியே?"

"தெருவெல்லாம் போட மாட்டாங்கப்பா. பேரு, வயசு, ஆணா பொண்ணா, அவ்ளோதான்."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு விரலை எடுத்தார்.

இப்போது பெயரும் ஒட்டுவதில்லை. எல்லாம் போனுக்குள் போய்விட்டது. எதிரே உட்காருகிறவர் பெயர் என்ன என்று இறங்குகிற வரைக்கும் தெரிவதில்லை. கேட்டால் ஒருமாதிரி பார்க்கிறார்கள். வரிசையில் நின்ற கால்வலி போனது நல்லதுதான். அந்த வலியோடு சேர்ந்து வேறு என்னென்னவோவும் போய்விட்டது, அதுதான் எனக்கு ஆறவில்லை.

ஓர் ஆபரேஷனுக்காக

அம்மா போய்ச் சேர்ந்த பிறகு அப்பா ஊரில் தம்பி வீட்டில் இருக்கிறார். சமீபத்தில் கண் ஆபரேஷனுக்காக நான் இருக்கும் தாம்பரத்துக்கு அழைத்து வர வேண்டியிருந்தது. "ஜன்னலோரமா கெடைக்குமா பாப்பா?" என்றார் போனில். வேலையில் இருந்து ஓய்வு பெற்று, பேரன் பேத்தி எடுத்த பிறகும் நான் பாப்பாதான்.

தட்கல் திறக்கும் நேரத்துக்கு விரலைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வட்டம் சுற்றியது. ஓ.டி.பி. வந்தது. அதைத் தட்டுவதற்குள் மறுபடி வட்டம். ஓடுகிற வண்டிக்குள் துண்டு வீசுவதே தேவலை என்று தோன்றியது. எப்படியோ பகல் வண்டியில் ஏ.சி. சேர் கார், இரண்டு இருக்கை, ஒன்று ஜன்னலோரம் கிடைத்தது.

தம்பி எங்களைக் கும்பகோணத்தில் கொண்டுவந்து விட்டான். அப்பா தோளில் துண்டு. எங்கள் ஊரிலும் துண்டு தோளுக்கு ஏறி வெகுகாலம் ஆகிவிட்டது. என்றைக்கு ஏறியது என்று யாராலும் சொல்ல முடியாது. பண்ணை வீட்டில் இப்போது வாடகைக்கு நர்சரிப் பள்ளி நடக்கிறது. மனைக்கட்டு எங்கள் பேருக்கு ஆகிவிட்டது. ஐயா இறந்தபோது அப்பா மாலை வாங்கிக்கொண்டு போனார். அன்றைக்கு மட்டும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். "எழவு வீட்டு மரியாத" என்றார். இருக்கலாம்.

வண்டி வந்தது. யாரும் ஓடவில்லை. அவரவர் பெட்டி நிற்கிற இடத்தில் அவரவர் நின்றிருந்தார்கள். ஏறினோம். எங்கள் ஜன்னலோரத்தில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். மடியில் லேப்டாப், காதில் பட்டன் மாதிரி எதையோ சொருகியிருந்தான், போனைச் சுவரில் சார்ஜுக்குப் போட்டிருந்தான்.

நான் டிக்கெட்டைக் காட்டலாம் என்று போனை எடுத்தேன். மணிக்கட்டில் ஒரு கை. அதே பிடி, பலம்தான் குறைந்திருந்தது. என்னைத் தடுத்துவிட்டு அப்பா அப்படியே நின்றார். பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். விட்டுவிடப் போகிறார், வேறு எங்காவது உட்காருவோம் என்று சொல்லப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"தம்பி" என்றார். அவனுக்குக் கேட்கவில்லை. அப்பா இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார்.

"தம்பி, அது எங்க எடம். துண்டு போட்டு வச்சிருக்கோம். எந்திரிங்க."

அவன் காதிலிருந்து அந்தப் பட்டனை எடுத்தான். "என்ன தாத்தா போட்டிருக்கீங்க?" என்று இருக்கையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேடினான்.

"எங்க சீட்டுப்பா" என்றேன் நான்.

"ஓ, சாரி தாத்தா, சாரி. சார்ஜ் போடத்தான் உக்காந்தேன்." சிரித்துக்கொண்டே எழுந்தான். அப்பாவின் பையை வாங்கி மேலே வைத்தான். தன் இடத்துக்குப் போய் மறுபடி பட்டனைச் சொருகிக்கொண்டான். நல்ல பிள்ளை. அவன் முகத்தில் ஒன்றுமே இல்லை.

அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்தார். துண்டை மடியில் வைத்துக்கொண்டு அதன் ஓரத்தை நெருடிக்கொண்டே இருந்தார். சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். மாயவரம் போனது, சீர்காழி போனது, விரல் நிற்கவில்லை. வயலெல்லாம் நாற்று விட்டுப் பச்சையாகக் கிடந்தது. அவர் பார்க்கவில்லை. கண் சரியில்லை, பார்த்தும் புண்ணியமில்லை.

கொள்ளிடம் பாலத்தில் வண்டி ஏறியதும் என் பக்கம் திரும்பினார்.

"இவ்ளோதானா பாப்பா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. "என்னப்பா?"

"எந்திரிங்கன்னேன். எந்திரிச்சிட்டான். இவ்ளோதானா?"

பிறகுதான் விளங்கியது. இத்தனை வருஷமாக அந்த ஒரு வார்த்தையை உள்ளேயே வைத்திருந்திருக்கிறார். கடைசியில் அதை யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர் போன பிறகு, ஒன்றும் அறியாத ஒரு பையனிடம் சொல்லியிருக்கிறார். அது இவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டதே என்பதுதான் அவரை அறுத்தது.

"அன்னைக்கு இவ்ளோதான்னு இல்லப்பா" என்றேன். "மனக்கட்டு அவரோடது. வேல அவருகிட்ட. என் படிப்பு வேற இருந்துச்சு. அன்னைக்கு நெறைய இருந்துச்சுப்பா."

தலையை ஆட்டினார். ஒப்புக்கொண்ட மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

"கைய ஊனுனாரு, பாத்தியா? எந்திரிக்கிறதுக்குத்தான் ஊனுனாரு" என்றார். நான் மட்டும்தான் பார்த்தேன் என்று இவ்வளவு காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன். "நான் சொல்லிப் பாத்திருக்கலாம் பாப்பா."

ஊசி போடுகிறவளுக்கு எந்த வலிக்கு எது கொடுக்க வேண்டும் என்று தெரியும். இதற்குத் தெரியவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஜன்னலைக் கொஞ்சம் திறந்தால் காற்றாவது வரும் என்று தோன்றியது. அது திறக்கிற ஜன்னல் இல்லை.

சிதம்பரத்தில் வண்டி நின்று கிளம்பியது. பாத்ரூம் போக வேண்டும் என்றார். துணைக்கு எழுந்தேன். "நீ உக்காரு, கம்பியப் புடிச்சிக்கிட்டுப் போயிடுவேன்" என்றார். நடைபாதைக்குப் போனவர் திரும்பினார். துண்டை எடுத்து ஒரு முனையில் முடிச்சுப் போட்டார். பிறகு அதைத் தன் இருக்கையின் மேல் பரக்க விரித்து வைத்தார்.

"யாராச்சும் யாரு துண்டுன்னு கேட்டா, எங்கப்பா துண்டுன்னு சொல்லு."

"சரிப்பா."

"சத்தமாச் சொல்லு."

"சொல்றேன்ப்பா."

மெதுவாகப் பிடித்துப் பிடித்து நடந்து போனார். சிதம்பரத்தில் ஏறியவர்கள் ஒவ்வொருவராக எங்கள் பக்கம் வந்தார்கள். போனைப் பார்த்தார்கள், எண்ணைப் பார்த்தார்கள், தங்கள் இடத்துக்குப் போனார்கள். அந்தத் துண்டை யாரும் பார்க்கவில்லை. நான் ஒரு கையை அதன்மேல் வைத்துக்கொண்டு, வருகிறவர் முகத்தையெல்லாம் பார்த்தபடி, யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன்.

யாரும் கேட்கவில்லை.